சருகின் கீழ் உயிர்கள்: இல்லத் தோட்டமும் இல்லறத்தான் அகிம்சையும்

வடநாட்டு ஜைனப் பெருமக்களிற் பெரும்பாலோர் வணிகத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். தமிழ்ச் சமணராகிய நாமோ வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து வாழ்ந்தவர்கள். உழவில் உயிர் வதை உண்டென்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஆதி பகவானாகிய ரிஷபதேவர் மக்கள் பிழைக்கும் பொருட்டுக் கற்பித்த ஆறு தொழில்களுள் வாள், எழுத்து என்பவற்றை அடுத்து வைத்து எண்ணப்படுவது உழவே என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆகவே கலப்பையும் கருணையும் ஒரே வீட்டில் எவ்வாறு குடியிருக்கும் என்னும் வினா நமக்குப் புதிதன்று. இன்று புதிதாக வந்திருப்பது, நிலத்தை விட்டு அலுவலகங்களுக்குச் சென்றுவிட்ட நம் குடும்பங்கள் வீட்டின் பின்புறம் ஒரு சென்ட் அளவில் வைத்துக்கொள்ளும் காய்கறித் தோட்டம். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் உழவைத் தொழில்வழி வரும் இம்சை எனலாம். சந்தையில் காய் கிடைக்கும் நாளில், மன நிறைவுக்காகவும் நஞ்சற்ற உணவுக்காகவும் செய்யப்படும் தோட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்திலுள்ள ஓவேலியில் பணி நிமித்தம் வாழும் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றின் இல்லத்தரசியார் கேட்டனுப்பியது அது. மண்ணைக் கொத்துவதைக் குறைக்கலாம் என்று எண்ணிப் பாத்திகளின்மேல் சருகும் காய்ந்த புல்லும் பரப்பினார்களாம். ஓராண்டில் மண் பொலபொலவென்று ஆயிற்று. காயும் நன்றாகக் காய்த்தது. ஆனால் சருகை ஓரிடத்தில் விலக்கிப் பார்த்தால் மண்புழு, நத்தை, மரவட்டை, பெயர் தெரியாத பூச்சிகள் என்று உயிர்க்கூட்டமாக இருக்கிறது. "முன்பு வெறுந்தரையாக இருந்தபோது இத்தனை உயிர்கள் இல்லை. நான் அவற்றை அழைத்து வந்து, பிறகு அவற்றின்மேல் நடக்கிறேனா? இதைவிடச் சந்தையில் வாங்கி விடுவது மேலா?" என்பது அவர் ஐயம்.

ஐயத்தைத் தெளியுமுன் அந்த இடத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஓவேலி என்னும் பெயர் அக்டர்லோனி என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வழி வந்தது. 1840-களில் அக்குடும்பத்தார் அப்பள்ளத்தாக்கில் காட்டைத் திருத்திக் காப்பி பயிரிடத் தொடங்கினர். தென்னாட்டுக் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் வாட்டிய பின், மலைச்சரிவுகளைத் தேயிலை மூடியது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே இடையறாது பொழியும். டிசம்பர் முதல் மார்ச் வரை ஓடைகளே மெலியும். இவ்விரண்டையும் தாங்கி அக்காடு எவ்வாறு நின்றது? சோலையின் தரை ஒருநாளும் வெறுமையாகக் கிடந்ததில்லை. உதிர்ந்த இலை மண்ணை மூடிக்கொண்டே இருந்தது. நாம் மூடாக்கு என்று சொல்வது அந்தக் காட்டுத்தரையை ஒரு பாத்தியளவில் திரும்பச் செய்வதே. இச்சொல்லை நம் நாட்டு உழவரிடையே பரப்பியவர்களுள் 2013-ஆம் ஆண்டு மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் முதன்மையானவர்.

திருக்குறளின் உழவு அதிகாரம் புழுதியை நன்கு காய விட்டால் எருவும் வேண்டாது விளையும் என்று கூறுகிறது. அது நம் வடாற்காட்டுச் சமவெளிப் புன்செய்க்குப் பொருந்திய அறிவுரை. சரிவான மலையில் புழுதியாக்கிய மண் முதல் மழையிலேயே ஓடைக்குப் போய்ச் சேரும். 2019 ஆகஸ்டு 8-ஆம் நாள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அந்த மழை அதன்மேல் பெய்தால் 33,000 லிட்டர் நீர் ஒரு நாளில் விழும். ஓவேலியில் எந்நாளும் அவ்வளவு பெய்வதில்லை என்றாலும், கொத்திவிட்ட மண்ணுக்கு அதில் பத்திலொரு பங்கே போதும். மண்ணும் உயிருடைத்து, நிலவுடல் பெற்ற ஓரறிவுயிர்கள் அதில் உறைகின்றன என்று கொள்ளும் நமக்கு, கரைந்தோடும் மண் உரச்சத்தின் இழப்பு மட்டும் அன்று.

மூடாக்கின் பிற நன்மைகளையும் அவ்வாறே உயிர்க்கணக்கில் மாற்றி எழுதிப் பார்க்கலாம். வேனிற் காலத்தில் ஒரு சென்ட் பாத்திக்கு 5 மில்லிமீட்டர் ஆழம் நீர் பாய்ச்ச 200 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 13 குடங்களுக்கு மேல். சருகு மூடிய மண் ஈரத்தை எளிதில் விடாது. ஆகவே நீர் பாய்ச்சும் நாட்களுக்கு இடையே இடைவெளி நீளும். நீருடல் உயிர்களுக்கு அந்த அளவு துன்பம் குறைகிறது. களை குறைவதால் பிடுங்கி எறியும் பசுஞ்செடி குறைகிறது. யாவற்றினும் பெரிது நெருப்பு. நம் ஊர்களில் கூட்டிக் குவித்த சருகைக் கொளுத்துவது வழக்கம். அக்குவியலுக்குள் புகுந்திருக்கும் உயிர்கள் எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மூடாக்கிடும் வீட்டில் சருகு எரிவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அதனைக் கைக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி அம்மையாரின் ஐயத்தின் கூர்மையான பகுதிக்கு வருவோம். உயிர்கள் தோன்றிப் பெருகுவதற்கு இடமளித்துப் பின் அவற்றுக்கு ஊறு செய்வதை நம் அறநூல்கள் வெளிப்படையாகவே விலக்குகின்றன. பழையதாகிப் போன உணவை விலக்குவதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், இரவில் உண்ணாமையும் இக்கருத்தில் எழுந்தவையே. அவ்வாறாயின் ஈரச் சருகை விரித்து வைப்பதும் ஊசிப்போன உணவைச் சேர்த்து வைப்பதும் ஒன்றாகாவோ? மேற்போக்காகப் பார்ப்போர்க்கு ஒன்றாகவே தோன்றும். ஆயினும் ஊசிய உணவில் குற்றம் எங்கே நிகழ்கிறது? உயிர்கள் தோன்றியதில் அன்று. அதனை நாம் உண்பதிலும் காய்ச்சுவதிலும் கொட்டுவதிலும் நிகழ்கிறது. சருகின் கீழ் வாழும் புழு நம் வாய்க்கோ அடுப்புக்கோ போவதில்லை. அது தன் வாழ்நாளை வாழ்ந்து முடிப்பதற்கு நாம் தடையாகாதிருந்தால் போதும். ஆக, மூடாக்கு இட்டது தவறன்று. இட்டபின் அதனை மறந்து மிதிப்பதும், கொத்துவதும், அள்ளி எரிப்பதும் தவறு. வெறுந்தரை உடையவனுக்கு இல்லாத கடமை ஒன்று சருகு பரப்பியவனுக்கு உண்டாகிறது என்று சொல்வதே பொருந்தும்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போவதை மட்டும் சொல்லாது, சோர்வுற்ற மனமொழிமெய்களால் உயிர் போக்கப்படுவதையே இம்சை எனக் காண்கிறது. சோர்வு, அதாவது பிரமாதம், என்னும் ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. துறவியர் நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி நடக்க வேண்டும் என்பதும் இதனாலேயே. மூடாக்கிட்ட பாத்தியிலோ நோக்கியும் பயனில்லை. கண்ணுக்குத் தெரிவது சருகு, உயிர் இருப்பது அதன் அடியில். எனவே அங்கே காலை வைக்கவே கூடாது. பாத்தியை நான்கு அடி அகலத்துக்கு மேற்படாமல் அமைத்து, இருபுறமும் சருகிடாத நடைவழி விட்டால், எந்தச் செடியையும் வழியில் நின்றே கை நீட்டிப் பறிக்கலாம். வழியைக் கல்லாலோ மணலாலோ பரப்பி, பகலில் மட்டும் நடக்கலாம். தோட்டக்கலை அறிந்தோரும் இதனையே சொல்வர். மிதியுண்ட மண் இறுகி வேர்க்குக் காற்றுப் புகாது என்பது அவர்கள் கூறும் காரணம். இரு வேறு காரணங்கள் ஒரே வழிக்கு வந்து சேர்வதைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

மண்வெட்டிக்கும் இங்கே வேலை அருகிவிடும். 1881-இல் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டொன்றுக்கு ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்பது அவர் கணிப்பு. ஈரறிவுடையதென்று நாம் வகுத்து வைத்த எளிய உயிர், யாரும் பணிக்காமலே உழுகிறது. அதனை மண்வெட்டியால் துண்டித்துவிட்டு அது செய்திருக்கக்கூடிய வேலையை நாமே வியர்க்க வியர்க்கச் செய்வதில் அறமும் இல்லை, சிக்கனமும் இல்லை.

நத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவேலியில் தோட்டம் வைத்தோர் எவரும் அதனைத் தவிர்க்க இயலாது. அந்த ஈரத்தில் மூடாக்கு நத்தைக்கு மாளிகை. இளநாற்றை ஓரிரவில் மொட்டையாக்கி விடும். உப்பைத் தூவுவது பரவலான வழக்கம். அது அவ்வுயிரின் உடல்நீரை உறிஞ்சிக் கொல்லும் கொடுமை. கடைகளில் விற்கும் நத்தைக்கொல்லியும் நமக்குரியதன்று. நாற்று ஒரு சாண் உயரம் வளரும் வரை அதனைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குச் சருகை விலக்கி வைப்பதும், விதைப்பதைச் சிறிது மிகையாக விதைப்பதும் நாம் செய்யக் கூடியவை. உலர்ந்த மண்ணைக் கடந்து வர நத்தை அவ்வளவாக விரும்பாது. ஆனால் அடைமழை நாளில் உலர்ந்த மண்ணுக்கு எங்கே போவது? அந்நாட்களில் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டும். எடுத்து அப்புறப்படுத்த நேர்ந்தால், வேலிக்கு வெளியே வெயிலில் எறியாமல், அதே ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் விட வேண்டும். கிணற்று நீரை வடிகட்டிய துணியை அதே கிணற்றில் அலசி, அந்நீருயிர்களை அவற்றின் இருப்பிடத்திலேயே சேர்க்கும் நம் முறையின் கருத்து இதுவே. அட்டைக்கு உப்பும் புகையிலையும் தடவும் மலைவாழ் நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். ஜூலை மாதத்து ஓவேலி அட்டையை அறிந்தவர்களாதலால் அச்சிரிப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அடுத்து, சருகு எங்கிருந்து வருகிறது என்பது. நான்கு அங்குல கனத்துக்கு ஒரு சென்ட் முழுவதும் பரப்ப வேண்டுமானால் 4 கனமீட்டர் சருகு வேண்டும். 6 அடிக்கு 6 அடி அறையொன்றில் மார்பளவு நிரப்பும் குவியல் அது. அழுக அழுக மீண்டும் இட வேண்டும். இவ்வளவையும் எங்கே தேடுவது? கூடலூர்ப் பகுதியில் இஞ்சி பயிரிடுவோர் மூடாக்கை நன்கறிந்தவர்கள். நடும்போதே எக்டருக்கு 10 முதல் 12 டன் பச்சிலை பரப்புமாறு அப்பயிருக்குப் பரிந்துரை உண்டு. அதன்பொருட்டு மரக்கிளைகள் பச்சையாகவே வெட்டப்படுகின்றன. மண்ணை முழுதும் கிளறித் தோண்டி எடுக்கும் பசும் இஞ்சியோ, சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டகத்தில் பயன் சிறிது, உயிர்க்கேடு பெரிது என்று முள்ளங்கியோடு சேர்த்து விலக்கிய பொருள். மூடாக்கு என்னும் ஒரே செயல், கைக்கொள்ளும் முறையால் எவ்வளவு வேறுபடுகிறது பாருங்கள்.

லேசியைகளை விளக்க நம் ஆசிரியர்கள் கூறும் நாவல் மரக் கதையைச் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். பசித்த அறுவர் மரத்தடிக்கு வருகின்றனர். ஒருவன் வேரோடு சாய்க்கலாம் என்கிறான். அடுத்தடுத்தவர் பெருங்கிளை, சிறுகிளை, கொத்து, பழம் என்று குறைத்துக்கொண்டே வருகின்றனர். வெண்ணிற லேசியை உடைய ஆறாமவன், கீழே உதிர்ந்து கிடப்பதே போதும் என்கிறான். கதை பழத்தைப் பற்றியது. மூடாக்கிடுவோர் அதை இலையைப் பற்றியதாகவும் கொள்ளலாம். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் தாமே இலை உதிர்க்கின்றன. கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளும் இலைகளும் வரிசைகளுக்கு இடையே கிடக்கின்றன. ஆயினும் உதிர்ந்ததெல்லாம் பொது என்று எண்ணிவிடலாகாது. தேயிலை வரிசையில் கிடப்பது அந்தப் புதர்களின் உணவு; உரியவர் இசைவின்றி அள்ளுவது களவு. ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து அள்ளுவது சட்டத்துக்கும் மாறு, அங்குள்ள உயிர்களின் கூரையைப் பிரிப்பதும் ஆகும். தன் வீட்டு மரம், தன் வேலி, சமையலறைத் தோல் கழிவு, களைந்த செடி ஆகியவை தருவது எவ்வளவோ, அவ்வளவு நிலமே தோட்டம் என்று எல்லை கட்டிக்கொள்வது நலம். ஒரு சென்ட் அரை சென்டாகச் சுருங்கினால் சுருங்கட்டும். பரிமித பரிக்கிரகம் என்று நோன்பேற்றவர்க்கு அது குறையாகத் தோன்றாது.

இதிலிருந்தே செலவைப் பற்றிய பேச்சும் தொடங்குகிறது. வில்லியம் அலெக்சாண்டர் என்னும் அமெரிக்கர் தம் வீட்டுத் தோட்டத்துக்கான செலவையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஒரு தக்காளி 64 டாலர் ஆயிற்று என்று 2006-இல் ஒரு நூலே எழுதினார். நகைச்சுவை நூல்தான். ஆனால் வேலி, கருவி, மண், கூலி என்று ஏறிக்கொண்டே போகும் அந்தக் கணக்கு நம் ஊரிலும் ஏறுகிறது. சமவெளியிலிருந்து லாரியில் வைக்கோல், பையில் அடைத்த தென்னைநார்க் கழிவு, கருநிற பிளாஸ்டிக் மூடாக்குத் தாள், மின்வேலி இவையெல்லாம் வாங்கிப் பத்துக் கிலோ அவரை காய்த்தால், அது பணத்தால் மட்டுமன்றி அறத்தாலும் நட்டமே. இங்கேதான் சமந்தபத்திரரின் அளவுகோல் துணை புரிகிறது. அவர் இஞ்சிக்குக் கேட்ட கேள்வியை ஒவ்வொரு செலவுக்கும் கேட்கலாம்: இதனால் வரும் பயன் எவ்வளவு, இதனால் நேரும் உயிர்க்கேடு எவ்வளவு? வீணே மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், நெருப்பு மூட்டுதல், செடியை வெட்டுதல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று அவர் விலக்கியதும், அதனைத் தமிழில் அருங்கலச்செப்பு எடுத்துரைத்ததும் இல்லறத்தாருக்காகவே. பொழுதுபோக்குத் தோட்டம் எளிதில் அனர்த்த தண்டமாகி விடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சந்தைக்குப் போய்விட்டால் கை கழுவிய கணக்காகுமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பதே நம் கொள்கை. சந்தைக் கோசுக்கும் காரட்டுக்கும் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லியை நாம் தெளிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியதால் அதற்கு உடன்பட்டோம். அங்கே மாண்ட உயிர்கள் நம் கண்ணில் படுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. மறுபுறம், ஆயிரம் வீடுகளுக்கு விளைவிக்கும் உழவனின் செயலில் ஒரு வீட்டுக்கு வரும் பங்கு சிறிதாகவும் இருக்கலாம். கவனமற்ற வீட்டுத்தோட்டக்காரன் அதனினும் மிகுதியாகக் கொல்லலாம். ஆகவே வீட்டில் விளைந்தது என்பதனாலேயே தூயது என்னும் பெருமிதம் வேண்டாம். நஞ்சு தெளியாமல், கொத்தாமல், எரிக்காமல், பிறர் சருகை வாராமல் நடத்தினால் இல்லத் தோட்டம் சந்தையினும் மேல். இவற்றுள் ஒன்றிரண்டு தவறினாலும் அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை.

எந்தச் செடியை வைப்பது என்பதிலும் தெரிவு உண்டு. ஆண்டுதோறும் விதைத்துப் பிடுங்க வேண்டியவற்றைக் குறைத்து, ஒருமுறை நட்டால் பல்லாண்டு நிற்கும் மேரக்காய்க் கொடி, கோவைக்கொடி, தவசிக்கீரை, சுண்டை, கறிவேப்பிலை போன்றவற்றை மிகுதியாக்கலாம். மேரக்காய் என்பது நாம் கீழே சௌசௌ என்போமே, அதுதான். மூடாக்கைக் கலைக்கும் தேவையே இவற்றுக்கு இல்லை. தென்மேற்குப் பருவ மாதங்கள் நம் சாதுர்மாச காலத்தோடு பெரும்பாலும் பொருந்தி வருவது ஓவேலிக்கு வாய்த்த நல்வாய்ப்பு. உயிர்கள் பெருகும் அந்நான்கு மாதங்களில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்குகிறார்கள். இல்லறத்தார் தம் பாத்தியைத் தொடாமல் விட்டுவிடலாம். மே மாத இறுதிக்குள் தண்டைத் தொடாதபடி சருகைப் பரப்பிவிட்டு, அதன்பின் கார்த்திகை வரை நடைவழியில் நின்று பறிப்பதோடு நிறுத்திக்கொள்வது கடைப்பிடிக்க எளிய விரதமே.

வாழையையும் பலாவையும் பற்றி அம்மையார் கேட்கவில்லை. ஆயினும் ஓவேலியில் அதுவே முதலிற் கேட்கத்தக்கது. அங்கே யானைகளின் வழித்தடங்களும் மனிதக் குடியிருப்புகளும் பின்னிக் கிடக்கின்றன. பலரைக் கொன்றதாகக் கூறப்பட்ட ஆண் யானையொன்றை 2025 செப்டம்பரில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டு சென்றனர். இழப்பு இருபுறமும்தான்: மாண்டவர்களில் விடியலில் வேலைக்கு நடந்து சென்ற ஏழைத் தொழிலாளரும் உண்டு, தன் காட்டை இழந்தது யானை. வீட்டுப் புறத்தில் பழுத்துத் தொங்கும் ஒரு வாழைக்குலை அவ்விலங்கை அழைக்கும் மணம். மண்புழுவுக்காக நடைவழி அமைத்த வீட்டில் வாழைக்கன்று நிற்குமானால், அதன் விலையைக் கட்டுவது அண்டை வீட்டுக்காரராக இருக்கக்கூடும். அதைப் பெயர்த்தெடுக்க ஒருமுறை மண்ணைக் கொத்த வேண்டியிருக்கும். கொத்தலாம், மழைக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், சருகை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு.